ஐந்தாவது ஷரத்து

பதினொன்றரை மணிக்கு மெத்ர் ஸ்தனிஸ்லாஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு, மூன்று மணிக்குப் பார்க்கலாம் மதுமசேல் என்று சொல்லிப் படியிறங்கியதோடு, கால்வாய் ஓரத்து நொத்தேர் அலுவலகத்தில் அன்றைய முற்பகல் முடிந்தது. கிரயம், உயில், பாகப்பிரிவினை, கல்யாண ஒப்பந்தம் என்று ஊரார் தங்களுக்குள் ஒத்துக்கொண்டதையெல்லாம் காகிதத்தில் ஏற்றி முத்திரை குத்துவது, மெத்ர் என்று கூப்பிடப்படும் நொத்தேரின் வேலை. அவர் வாசகம் சொல்லச் சொல்ல மெஷினில் அடிப்பது அமலோற்பவத்தின் வேலை. இருபத்து மூன்று வயதில் ஐந்து வருஷ சர்வீஸ். இனி மூன்று மணிவரை புதுச்சேரியில் எவனும் எதையும் வாங்கமாட்டான், விற்கமாட்டான், செத்துப்போனால்கூட உயிலைப் படிக்க மூன்றுக்கு மேல்தான் ஆள் வரும். பிரெஞ்சுக்காரன் கொண்டுவந்ததில் எது நிற்கும் எது போகும் என்று ஐம்பத்து நாலாம் வருஷம் அந்தச் செப்டம்பரில் ஊரே இரண்டு கட்சியாகப் பேசிக்கொண்டிருந்தது. இந்த மத்தியானத் தூக்கம் நிற்கும் என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் சண்டையில்லை. அமலோற்பவம் வீட்டுக்குப் போகவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு நகரசபையில் அவளுக்குப் பதிவுக் கல்யாணம், பத்தரைக்கு சம்பா கோயிலில் பூசை, சனிக்கிழமை பிரான்சுக்கு, மர்செய்க்குக் கப்பல். வீட்டில் காரைக்காலிலிருந்து வந்த இரண்டு சித்திகள் கூடத்தை அடைத்துப் படுத்திருப்பார்கள். கண்ணாடியின்மேல் வெள்ளைக் கவுன் தொங்கும். அம்மா கவுனைப் பார்த்து ஒரு தடவையும் அவளைப் பார்த்து ஒரு தடவையும் அழுவாள். முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது என்று காலையிலேயே சொல்லிவைத்துவிட்டாள். கதவைத் தாழிட்டு, ஜன்னல் சட்டங்களைச் சாத்தி, செருப்பைக் கழற்றிக் குளிர்ந்த தரையில் காலை வைத்ததும் அப்பாடா என்றிருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய நாள் ஒரு பெண்ணுக்கு அப்பாடா என்று இருக்கலாமா என்று உடனே ஒரு கேள்வியும் வந்தது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பதினொரு மணிக்கு பஸ்கால் வந்து ஒப்பந்தத்தின் நகலை வாங்கிப்போனான். சார்ஜான் பஸ்கால், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற, பிரெஞ்சுப் படைச் சொல்தா. இந்தோசீனாவில் தோற்றுத் திரும்பிய படையில் தோற்காமல் வந்த ஒரே ஆள் நான்தான் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொள்கிறவன். நகலை நிதானமாகப் படித்து, பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, வேண்டாததின்மேல் கோடு போட்டுக் கொண்டுவரும்படி மெத்ர் அவனிடம் சொன்னார். மூன்று மணிக்கு அவர் முன்னால் இரண்டு பேரும் அசலில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஏழு பக்கமா, மொத்தக் குடும்பத்தையும் எழுதிவைத்தாலும் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் போதுமே என்று பஸ்கால் சிரித்தான். ஐந்தாவது ஷரத்தை மட்டும் நன்றாகப் படியுங்கள் என்று அவள் சொன்னாள். அவன் முகம் சுளிக்கவில்லை. தாள்களைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சைக்கிளில் ஏறி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனான். படித்திருப்பானா இப்போது? சாப்பிட்டுவிட்டுப் படிப்பானா? அவன் அம்மா நெத்திலிக் குழம்பு வைத்திருந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கத்தான் செய்வான். தூங்கி எழுந்து, ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படிக்காமலே போட்டுவிட்டு வந்துவிட்டால்? அதற்கு அழுவதா சிரிப்பதா? கையெழுத்துப் போட்டானா, போடவில்லையா. போட்டால் எப்படிப் போட்டான். போடாவிட்டால் நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவள் எந்த முகத்தோடு நகரசபைப் படியேறுவாள். இது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நின்றது. கல்யாண ஒப்பந்தம் கல்யாணத்துக்கு முன்னால் எழுதினால்தான் உண்டு. பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து காலில் விழுந்தால்கூட ஒரு எழுத்தை மாற்ற முடியாது. இதை அவள் ஐந்து வருஷமாக எத்தனையோ பெண்களுக்கு மெத்ர் சொல்லக் கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் அது பெண்களுக்குப் பாதுகாப்பு என்று நினைத்திருந்தாள்.

மனைவி, குடும்பம் எங்கே இருந்தாலும், இப்போது செய்யும் தொழிலையோ வேறொரு தொழிலையோ தன் விருப்பப்படி செய்வாள். கணவன் அதற்கு இன்றும் இனி எப்போதும் தடை சொல்லமாட்டான். இதுதான் ஐந்தாவது ஷரத்து. பிரெஞ்சில் முப்பத்தொரு சொல். நேற்று எண்ணினாள், இன்று காலை எண்ணினாள், இப்போதும் விரல் மேஜையில் தானாக எண்ணிக்கொண்டிருக்கிறது. எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. நொத்தேர் பத்திரத்தில் எதையும் சுரண்டி அழிக்கக் கூடாது. வேண்டாத சொல்லின்மேல், அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் இத்தனை சொல் அடிக்கப்பட்டது, செல்லாது என்று எழுதி, எல்லாரும் சுருக்கொப்பம் போட வேண்டும். அடிபட்ட சொல்லும் ஆயுசுக்கும் அங்கேயே கிடக்கும். முப்பத்தொரு சொல் அடிக்கப்பட்டது, செல்லாது. அதையும் அவளேதான் மெஷினில் அடிக்க வேண்டியிருக்கும். அடிப்பாளா? அடித்துவிட்டுக் கவுனை மாட்டிக்கொண்டு போய்விடுவாளா? போய்விடுவாள் என்றுதான் பட்டது, அதுதான் பயமாயிருந்தது. கார்பன் தாள் கறை இருந்த கட்டைவிரலைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்தபிறகுதான் அது நல்ல பாவாடை என்று ஞாபகம் வந்தது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. போன வாரம் இந்த ஷரத்தை அவள் நீட்டியபோது மெத்ர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் துடைத்தார். பிறகு, வீட்டுத் தலைவனுக்குச் சட்டம் கொடுத்த உரிமையை ஒப்பந்தம் போட்டுப் பிடுங்க முடியாது, மதுமசேல், பெண்சாதி வேலைக்குப் போவதைப் புருஷன் எப்போது வேண்டுமானாலும் தடுக்கலாம், இது எந்தக் கோர்ட்டிலும் நிற்காது, உமக்குத் தெரியாததா என்றார். தெரியும் என்றாள். பின்னே எதற்கு என்றார். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றாள். மெத்ர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சரி, காகிதம் உம்முடையது என்று சொல்லி வேறு பத்திரக் கட்டை எடுத்துக்கொண்டார். ஆக அந்த முப்பத்தொரு சொல்லும் சட்டத்துக்கு முன்னால் சொத்தை. அது அவளுக்குத் தெரியும், மெத்ருக்குத் தெரியும். பஸ்காலுக்கு மட்டும் தெரியாது. சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் பரீட்சை ஏது.

பரீட்சை வைக்கிறவள் நல்லவளா? கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குப் பொறி வைப்பது எந்த ஊர் நியாயம்? இதையும் நினைத்தாள். நினைத்ததும் அவன்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. ஏமாறுகிறவர்கள்மேல் எப்போதுமே நமக்குக் கொஞ்சம் பிரியம் அதிகம்தான். நாலு வருஷத்துக்கு முன் இதே அறையில், இதோ இந்த மேஜைக்கு எதிரே, கப்பலேறுவதற்கு முன் தம்பி பேருக்கு ஒரு அதிகாரப் பத்திரம் எழுத வந்து நின்றவன் அவன். பெயர் கேட்டாள், சொன்னான். பிறந்த தேதி கேட்டாள், சொன்னான். மணமானவரா, ஆகாதவரா என்று கேட்டாள். "இன்னிக்கு ஆகல. நீங்க எழுதற வேகத்தப் பாத்தா சாயங்காலத்துக்குள்ள ஆயிடும்போல" என்றான். மெத்ர் உள்ளே இருமினார். அவள் மெஷினைப் பார்த்துக்கொண்டே மணமாகாதவர் என்று அடித்தாள், அதில் இரண்டு எழுத்துப் பிசகியது. ஐந்து வருஷ சர்வீஸில் பிசகினது அந்த ஒரு நாள்தான் என்று இன்றைக்கும் மெத்ர் சொல்லிக் காட்டுவார். பிறகு சைகோனிலிருந்து கடிதங்கள் வந்தன. மழை, சேறு, கூட இருக்கிற காரைக்கால் பையன் சட்டியில் ரசம் வைத்தது, காலில் பட்ட துண்டு, அதை எடுத்த டாக்டர் தமிழ் பேசியது, எல்லாம் எழுதுவான். பயம் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை, ஆனால் கையெழுத்து சில வாரங்களில் கோணிக்கொண்டு வரும். அவள் அந்தக் கோணலைத்தான் படிப்பாள். மே மாதம் அங்கே கோட்டை விழுந்த சேதி வந்தபோது பதினேழு நாள் கடிதம் இல்லை. அந்தப் பதினேழு நாளும் அவள் வேலைக்கு வந்தாள், அடித்தாள், பிசகவில்லை, வீட்டுக்குப் போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். திரும்பி வந்தவன் கடற்கரையில் அவள் கையைப் பிடித்தபோது உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி இருந்தது. அவ்வளவு சொரசொரப்பான கைக்கு அவ்வளவு மெதுவாகப் பிடிக்கத் தெரிகிறதே என்று கையை விடுவிக்காமல் நின்றாள். இப்போது நினைத்தாலும் விடத் தோன்றவில்லை. இல்லையென்று யார் சொன்னது. அவனைப் பிடிக்காமல் இந்த வேலையெல்லாம் செய்துகொண்டிருக்கிறாளா? பிடித்திருப்பதால்தான் இத்தனை வம்பும்.

மகிமைக்கும் அத்தானைப் பிடித்துத்தான் இருந்தது. அக்கா மகிமை. பிரசவம் பார்க்கப் படித்தவள், படித்து முடித்த வருஷமே கையில் நாற்பது குழந்தைகள் இறங்கியிருந்தன, தெருவில் போனால் யாராவது ஒரு பிள்ளையைத் தூக்கிக் காட்டுவார்கள். அத்தான் பிரெஞ்சுப் படையில் அட்ஜுதான், தங்கமான மனிதர், அடித்தது கிடையாது, குடித்தது கிடையாது. சைகோனில் போய் இறங்கினதும் அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று சேதி வந்தது. அத்தான் சத்தம்கூடப் போடவில்லை. வேலைக்குச் சேர்க்க இருந்தவர்களுக்கு இரண்டு வரிக் கடிதம் எழுதினார். கணவன் என்ற முறையில் எனக்குச் சம்மதமில்லை. அவ்வளவுதான், இரண்டு வரி. அதற்குக் கோர்ட்டு வேண்டாம், சாட்சி வேண்டாம், நொத்தேர் வேண்டாம். இப்போது பிரான்சில், தூலோனில் இருக்கிறாள். கடிதம் வருகிறது. ஆனால் அவள் கடிதத்தின் அடியில் அத்தான் இரண்டு வரி சேர்க்காமல் ஒன்றுகூட வந்ததில்லை. நாங்கள் சுகம், மகிமை உங்களை நினைத்துக்கொள்கிறாள் என்று எழுதுவார். அவள் நினைத்துக்கொள்வதை அவள் எழுதினால் ஆகாதா? அமலோற்பவத்தின் கல்யாணத்துக்கு வந்த கடிதத்தில் மகிமை கம்பளித் துணியை எப்படி மடித்து வைப்பது என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பொண்ணு எவ்வளவு பொறுப்பாயிட்டா பாரு என்றாள். அமலோற்பவம் அந்த ஒன்றரைப் பக்கத்தை மூன்று தடவை படித்தாள். நாற்பது குழந்தைகளைத் தலைகீழாகத் தூக்கித் தட்டி அழவைத்த கை, கம்பளி மடிக்கிறது. அன்றைக்குத்தான் ஐந்தாவது ஷரத்தை அடித்தாள், தாளைப் போட்டதும் வாசகம் தடங்கலில்லாமல் வந்தது, ரொம்ப நாளாக உள்ளே அடித்து வைத்திருந்தது போல.

சம்பா கோயிலில் ஒரு மணி அடித்தது. ஒன்றா, ஒன்றரையா? ஒற்றை மணி என்றால் இரண்டுக்கும் ஒரே சத்தம்தான், எழுந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சோம்பலாக இருந்தது. ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் வெயில் கோடு கோடாக விழுந்து பீரோவின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. பீரோ நிறையப் பத்திரங்கள். எல்லாம் பிரெஞ்சுக்காரன் மொழியில். கொடி இறங்கினால் இதெல்லாம் என்னவாகும்? அப்பாவுக்கு அந்தக் கவலையே இல்லை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வெடுத்தவர். பிரான்ஸ் என்றால் அவருக்கு இன்றும் முதுகு நிமிரும். போனவர்கள் பிழைத்தார்கள், இருக்கிறவர்கள் சுங்கச்சாவடிக்காரனிடம் மூட்டையைப் பிரித்துக் காட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்பார். நல்ல வேளையாகச் சொல்தா மாப்பிள்ளை கிடைத்தான், பெண்ணாவது கரையேறினாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். கரையேறுகிறவள் கப்பல் ஏறுவானேன் என்று அவள் நினைத்து ஒரு தடவை தனியாகச் சிரித்தாள். ஆனால் பயம் இல்லாமல் இல்லை. கொடி மாறினால் மெத்ருக்கு வேலை உண்டா, மெத்ருக்கு இல்லாவிட்டால் அவளுக்கு உண்டா? எல்லையில் கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம், இந்தியாவில், எல்லாம் இங்கிலீஷ் மெஷின். ஒரு தடவை கடலூரில் ஒரு கடையில் அடித்துப் பார்த்தாள், எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. விரல் தன் வழக்கப்படி போய்த் தப்பான கட்டையில் விழுந்தது, தன் வீட்டில் இருட்டில் இடித்துக்கொண்டது போல இருந்தது. பழகிக்கொள்ளலாம். ஒரு மாதம் ஆகும், இரண்டு மாதம் ஆகும். இதை மெத்ரிடம் ஒருநாள் கேட்டதற்கு, எந்தக் கொடி பறந்தாலும் ஜனங்கள் வீடு வாங்குவார்கள், சாவார்கள், அண்ணன் தம்பி அடித்துக்கொள்வார்கள், நமக்கென்ன என்றார். அவருக்கும் அது பயத்தில் சொன்னதுதான். அன்று சாயங்காலம் வழக்கத்துக்கு விரோதமாக இரண்டு தடவை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

சரி, அவன் கோடு போட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். கதவைத் தட்டுகிறான். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. நகலை மேஜையில் வைக்கிறான், ஐந்தாவது ஷரத்தின்மேல் ஒரு கோடு, படைக்காரன் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. இதெல்லாம் எதுக்கு அமலு, நான் உன்ன அப்படி வச்சுக்குவேனா என்கிறான். இந்த இடத்தில் அவள் அழ வேண்டும். அழுவதற்கு ஆயத்தமாகத்தான் நினைத்துப் பார்த்தாள். அழுகைக்குப் பதிலாக மார்பில் ஏதோ இளகி இறங்கியது, இறுக்கிக் கட்டின முடிச்சை யாரோ தளர்த்தின மாதிரி. திடுக்கிட்டாள். மறுபடி முதலிலிருந்து நினைத்தாள்: கதவு, தட்டுதல், கோடு. மறுபடியும் அதே இளக்கம். இது என்ன? அவன் மறுத்தால் இவளுக்கு நிம்மதியா? அப்படியானால் இவள் விரும்புவது என்ன? சே, பசி மயக்கம், தூக்கக் கலக்கம், கல்யாணத்துக்கு முந்தின நாள் எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்று தன்னையே அதட்டினாள். லூர்து டீச்சரை நினைத்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வயது, கல்யாணமில்லை, தெருவில் போனால் சித்திகள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த மாதிரி ஆகப்போகிறாயா? டீச்சர் குடையைச் சுழற்றிக்கொண்டு போவதும், ஞாயிற்றுக்கிழமை தனியாக சினிமாவுக்குப் போய் நடு வரிசையில் உட்காருவதும் ஞாபகம் வந்தன. சித்திகள் தாழ்த்தின குரலில் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. தலையை மேஜையில் வைத்தாள். மெஷின் எண்ணெய் வாசனை, மையின் வாசனை, மரத்தின் வாசனை. இந்த வாசனைக்கு நடுவில் நான் யாருடைய மகளும் இல்லை, யாருக்கும் பெண்சாதியும் இல்லை, அடிக்கிறவள், அவ்வளவுதான் என்று தோன்றியது. தோன்றியதில் துக்கம் கொஞ்சமும் இல்லை. அப்படியே கண் அசந்துவிட்டது.

கதவு தட்டப்பட்டபோது சுவர்க் கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியது. பஸ்கால்தான். வெயிலில் வந்த சூடு அவனோடு உள்ளே வந்தது. கன்னத்தில் மேஜை விளிம்பு பதிந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தான். கல்யாணத்துக்கு முன்னால் தூங்குகிறவளைப் போய்ப் பார்க்கக் கூடாது, கப்பலில் எப்படியும் பார்க்கத்தானே போகிறேன் என்றான். நகலை நீட்டினான். அவள் வாங்கிப் புரட்டினாள். முதல் பக்கம், ஓரத்தில் அவன் சுருக்கொப்பம். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். நாலாம் பக்கத்தில் ஐந்தாவது ஷரத்து. கோடு இல்லை. ஒரு சொல்கூட அடிபடவில்லை. முப்பத்தொன்றும் அடித்தது அடித்தபடி இருந்தது, ஓரத்தில் மற்றப் பக்கங்களைவிடப் பெரிதாக, வாலைச் சுழற்றி, அவன் ஒப்பம். இவனையா சந்தேகப்பட்டேன், இவனுக்கா பொறி வைத்தேன் என்று வெட்கம் காதுவரை ஏறியது. மதியம் முழுக்க நினைத்ததெல்லாம் எவ்வளவு அற்பமாகப் போய்விட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. உண்மையில் சொல்லத் தொடங்கியும் விட்டாள், இந்த ஷரத்து இருக்கிறதே என்று. அவன் சந்தோஷமாக இடையில் புகுந்தான்.

"மொதல்ல படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு, அமலு. அப்பறம் ட்ரிபுனால் கோர்ட்டுல இருக்கறான் பாரு எங்க பெரியப்பா மகன் ரெமி, அவன்கிட்ட ஓடினேன். படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். இது சட்டத்துல நிக்காதுடா, அந்தப் பொண்ணு மனசு குளிரட்டும், போட்டுக் குடுன்னான். அதான் போட்டுட்டேன். பெரிசா."

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. பண்டிகைக்குப் புடவை எடுத்துவந்தவன் நிற்கிற மாதிரி நின்றான், பிடித்திருக்கிறதா என்று கேட்காத குறை. அமலோற்பவம் தாளைப் பார்த்தாள். தனக்குத் தெரிந்ததேதான் அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அது நிற்காது என்று தெரிந்து அவள் அதை எழுதினாள், நிற்காது என்று தெரிந்து அவன் ஒப்பம் போட்டான். இதில் யார் யாரை ஏமாற்றியது? கோபம் வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை. அவள் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது, அதை இதமாகவே கேட்டாள்.

"நிக்கும்னு ரெமி சொல்லியிருந்தா?"

பஸ்காலுக்குப் பொய் சொல்ல வராது, கடிதத்திலும் வராது. அவள் அவனை விரும்பினதில் பாதி அதற்காகத்தான். தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்து வியர்வைத் தோலைக் கட்டைவிரலால் துடைத்தான்.

"நிக்கும்னா எப்படிப் போடறது, அமலு? நாளைக்கு நான் ஒன்னு சொல்லி, நீ காகிதத்த எடுத்துக் காட்டினா, நான் எங்க போய் மூஞ்சிய வச்சுக்கறது? நீ வேலைக்குப் போவக் கூடாதுன்னா சொல்றேன்? சரின்னு பட்டா நானே போன்னு சொல்ல மாட்டேனா?"

அவன் சொல்வான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நல்ல மனநிலையில், நல்ல நாளில், குழந்தைக்குச் சளி இல்லாத வாரத்தில், மேலதிகாரி திட்டாத மாதத்தில், போ என்று சொல்வான். அவள் பிரான்சில், அவன் போய்ச் சேரப்போகிற ஃப்ரேழூஸ் முகாம் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில், அவன் சொல்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவு தெளிவாக எல்லாம் தெரிந்தது. இப்போது பயம் வரும் என்று காத்திருந்தாள். அப்பாவின் சத்தம், அம்மாவின் அழுகை, காரைக்கால் சித்திகள் கோபித்துக்கொண்டு மூட்டை கட்டுவது, நகரசபைப் பலகையில் ஊரே படித்த அறிவிப்பு, நாளை காலை கோயிலில் பூ வைக்கிறவனுக்கு ஆள் அனுப்பிச் சொல்வது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனசில் வந்தன. ராத்திரி இவனை நினைத்து அழப்போவதும் தெரிந்தது, அழுகை பல மாதம் வரும், அந்தச் சொரசொரத்த கை இன்னும் வருஷக்கணக்கில் அவள் கையை விடாது. அதெல்லாம் வரட்டும். மார்பில் அந்த முடிச்சு, மத்தியானம் இரண்டு தடவை இளகினது, இப்போது முழுசாக அவிழ்ந்தது. அப்பாடா. அப்பாடா என்று அவளுக்கு வாய்விட்டே வந்திருக்கும், அவன் மனம் நோகுமே என்று அடக்கிக்கொண்டாள். நகலின் ஏழு பக்கத்தையும் ஒழுங்காக அடுக்கினாள்.

"நான் கையெழுத்துப் போடப் போறதில்லிங்க" என்றாள்.

அவன் புரிந்துகொண்டதாக நினைத்தான். சரி, அந்த ஷரத்து இல்லாமல் வேறே அடித்துவிடு, அதற்குத்தான் நேரம் இருக்கிறதே, மெத்ர் வருவதற்குள் முடிந்துவிடும், உன் விரலுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று சமாதானமாகச் சொன்னான். அவள் இல்லையென்று தலையசைத்தாள். எந்தத் தாளிலும் போடப்போவதில்லை என்றாள், இங்கேயும் இல்லை, நகரசபையிலும் இல்லை. உங்கள்மேல் குற்றம் ஒன்றும் இல்லை, உண்மையைச் சொன்னீர்கள், அதற்காக உங்களை எப்போதும் நல்லபடியாகத்தான் நினைப்பேன், அப்பாவிடம் நானே பேசுகிறேன் என்றாள். பேசப் பேச வாசகம் தானாக வந்தது. பஸ்கால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சண்டையிலிருந்து வந்தவன், எது விளையாட்டு எது வினை என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பழகினவன். அவனுக்கு மெதுவாக விளங்கியது. வெளியே தெரு விழித்துக்கொண்டது, எதிர் வீட்டில் ஜன்னல் சட்டங்களைத் தள்ளித் திறந்தார்கள், படியில் மெத்ர் ஸ்தனிஸ்லாஸின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அப்ப நாளைக்கு?" என்றான், சின்னக் குரலில்.

"நாளைக்கு வியாழக்கிழமைங்க" என்றாள் அமலோற்பவம். "எனக்கு வேலைநாள்."